பழையது வேறு, அரியது வேறு: பயண நூல்களும் உதிரித் தாள்களும் சேகரிக்கத் தொடங்குவோருக்கு

வீட்டுப் பரணில் நூறாண்டுக்கு முந்திய புத்தகம் ஒன்று கிடைத்துவிட்டால், அதை லட்ச ரூபாய் கொடுத்து வாங்க யாரோ காத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அதே பரணில் அதே தூசிக்கடியில் கிடக்கும் ரயில் கால அட்டவணையும், சிங்கப்பூர் போய்வந்த பெரியப்பாவின் கப்பல் சீட்டும், கோயில் திருவிழாத் துண்டறிக்கையும் மட்டும் எந்த யோசனையும் இல்லாமல் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகின்றன. முதல் நம்பிக்கை பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடிகிறது. இரண்டாவது, ஈடுசெய்ய முடியாத இழப்பில் முடிகிறது. பழைய அச்சுப் பொருள்களின் மதிப்பு எப்படி உண்டாகிறது என்பதை அறியாததுதான் இரண்டுக்கும் காரணம்.

வரலாறும் பயணமும் சார்ந்த பழைய நூல்களையும், அவற்றோடு சேர்ந்து அச்சான சிறு தாள்களையும் சேகரிக்க விரும்பும் புதியவர்களுக்காக அந்த அடிப்படையை இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டுகளைத் தென்னிந்தியா, இலங்கை, மலேயா ஆகிய மூன்றையும் இணைத்த பயணப் பாதைகளிலிருந்தே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன். தமிழ் வீடுகளில் இன்னும் மிஞ்சியிருப்பவை அந்தப் பாதைகளின் தாள்கள்தான்.

வயது ஏன் அளவுகோல் ஆகாது

ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் அச்சான சமயச் சொற்பொழிவுத் தொகுப்புகள் ஏராளம். தோல் அட்டையும் கெட்டித் தாளுமாக அவை இன்றும் நல்ல நிலையில் கிடைக்கின்றன. ஆனாலும் அவற்றைத் தேடுவோர் மிகச் சிலரே என்பதால் விலை குறைவாகவே இருக்கிறது. மறுபுறம், ஜெர்மனியின் புகழ்பெற்ற பேடெக்கர் பயண வழிகாட்டி வரிசையில் இந்தியா, இலங்கை, பர்மா, மலாய் தீபகற்பம், சயாம், ஜாவா ஆகியவற்றுக்கான நூல் 1914-இல் லைப்சிக் நகரில் ஜெர்மன் மொழியில் மட்டும் வெளிவந்தது. அதே ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. அந்நூலுக்கு ஆங்கிலப் பதிப்பு வரவே இல்லை. சுற்றுலாவே நின்றுபோன காலத்தில் வெளிவந்த அந்தச் சிவப்பு அட்டை வழிகாட்டியை, இன்று பயண நூல் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுகிறார்கள். தன்னைவிட நூறு, இருநூறு ஆண்டு மூத்த சொற்பொழிவு நூல்களைவிட அது அதிக விலை பெறுகிறது.

ஆகவே ஒரு பழைய நூலைக் கையில் எடுத்ததும் "எத்தனை வயது?" என்று கேட்பதைவிட வேறு மூன்றைக் கேட்க வேண்டும். இது அந்த நூலின் எந்த அச்சு? அச்சானபோது இருந்த அனைத்தும் இப்போதும் இதில் இருக்கிறதா? இதைத் தேடுவோர் இருக்கிறார்களா? இவற்றுள் முதல் கேள்விதான் அதிகம் குழப்புகிறது.

ஒரே நூல் எப்படிப் பல நூல்கள் ஆகிறது

ஈய எழுத்துக் காலத்துக் கல்யாணப் பத்திரிகையை எண்ணிப் பாருங்கள். ஐந்நூறு பத்திரிகைக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. இருநூறு அச்சானதும், மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஓர் எழுத்து தவறாக இருப்பதை யாரோ கண்டுபிடிக்கிறார்கள். இயந்திரத்தை நிறுத்தி, அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, மீதி முந்நூறை அச்சடிக்கிறார்கள். காகிதத்தை வீணாக்க மனமில்லாமல் பிழையுள்ள இருநூறும் ஊருக்குப் போய்விடுகின்றன. இப்போது ஒரே பத்திரிகைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. கல்யாணம் தள்ளிப்போய், தேதியை மாற்றி முழுவதையும் புதிதாக எழுத்துக் கோத்து அச்சடித்தால், அது மூன்றாவது. தேதி மாறாமல், பத்திரிகை போதவில்லை என்று, கோத்த எழுத்தைக் கலைக்காமல் இன்னும் நூறு அடித்தால், அது திருத்திய இரண்டாவதன் தொடர்ச்சி.

பழைய நூல்களிலும் இதுவே நடந்தது, இன்னும் பெரிய அளவில். எழுத்துக் கோப்பவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பக்கமாக்குவார். ஒரு பெரிய தாளில் சேர்த்து அச்சிடப்படும் எட்டு அல்லது பதினாறு பக்கத் தொகுதிக்கு அச்சகங்களில் ஃபாரம் என்று பெயர். ஒரு ஃபாரம் அச்சாகி முடிந்ததும் எழுத்துகளைக் கலைத்து, அடுத்த ஃபாரத்துக்குப் பயன்படுத்துவார்கள். நூல் முழுவதையும் கோத்தபடியே வைத்திருக்கும் அளவுக்கு எழுத்துகளும் முதலும் பெரும்பாலான அச்சகங்களிடம் இருந்ததில்லை. எனவே நூல் விற்றுத் தீர்ந்து மீண்டும் வேண்டுமென்றால், முதலிலிருந்து கோக்க வேண்டியிருந்தது. இப்படி ஒருமுறை கோத்த எழுத்திலிருந்து அச்சான பிரதிகள் அனைத்தும் சேர்ந்தவை ஒரு பதிப்பு. அதே கோப்பிலிருந்து, அல்லது அதை அச்சுவார்த்து எடுத்த உலோகத் தகட்டிலிருந்து, வேறொரு சமயம் மறுபடி அடித்தவை ஓர் அச்சு. அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்த திருத்தத்தால் பிரதிக்குப் பிரதி தோன்றும் வேறுபாடு, அச்சு வேறுபாடு.

தமிழ் நூல்களில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. ஒரு சொல்கூட மாறாத மறு அச்சையும் நம் பதிப்பகங்கள் "இரண்டாம் பதிப்பு" என்றே அச்சிட்டுவந்திருக்கின்றன. சில சமயம் நூலையே பெரிதும் மாற்றி எழுதிவிட்டு, அதைப் பற்றி எங்கும் குறிப்பிடாமல் விட்டதும் உண்டு. முகப்புப் பக்கத்தில் உள்ள பதிப்பு எண்ணை அப்படியே ஏற்காமல், முன்னுரைகளின் தேதிகளையும் பக்க எண்ணிக்கையையும் வேறொரு பிரதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

சுருக்கமாக: நூலின் பெயர் ஒன்றாக இருந்தாலும், எழுத்துக் கோத்த தடவை, அச்சான தடவை, இடையே செய்த திருத்தம் ஆகியவற்றால் அது பலவாகப் பிரிகிறது. சேகரிப்பாளர் தேடுவது பெயரை அல்ல, அந்தப் பிரிவுகளுள் குறிப்பிட்ட ஒன்றை.

முதற்பதிப்புதான் சிறந்ததா?

பெரும்பாலும் முதற்பதிப்புக்கே விலை அதிகம். நூல் உலகத்தைச் சென்றடைந்த முதல் வடிவம் அதுதான் என்பது ஒரு காரணம்; முதல்முறை பதிப்பாளர்கள் துணிந்து அதிகம் அச்சிட மாட்டார்கள் என்பது இன்னொன்று. ஆனால் இது எல்லா நூலுக்கும் பொருந்தாது.

இலங்கையின் பிரிட்டிஷ் காலனி அரசில் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், அத்தீவின் இயற்கை, வரலாறு, நிலவியல் பற்றி எழுதிய இரு பாகப் பெருநூல் 1859-இல் லண்டனில் வெளிவந்தது. அது விற்ற வேகத்தில் 1860-க்குள் ஐந்தாம் பதிப்பு வந்துவிட்டது. முதலாவதற்கும் ஐந்தாவதற்கும் இடையே காலம் மிகக் குறைவு. ஆசிரியரே தொடர்ந்து திருத்தினார். படிக்கவும் ஆராயவும் வாங்குகிறவருக்குப் பிந்திய பதிப்பே பயன் மிக்கது, விலையும் சற்று இறங்கும். "1860" என்று கண்டதும் முதற்பதிப்புக்கு மிக நெருக்கமானது என்று மயங்கி, முதற்பதிப்பின் விலையைக் கொடுத்துவிடக் கூடாது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

ராபர்ட் நாக்ஸின் நூல் இன்னும் தெளிவான சான்று. 1660-இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தீவின் உள்நாட்டில் சிறைவாசியாக வாழ்ந்து, 1679-இல் தப்பிய ஆங்கிலேய மாலுமி அவர். அவர் எழுதிய இலங்கை வரலாறு 1681-இல் லண்டனில் அச்சானது. படங்களும் மடிப்பு வரைபடமும் கெடாமல் அந்த 1681 பிரதி கிடைப்பது பெரும் பேறு. ஆனால் அவர் பிற்காலத்தில் கைப்பட எழுதிய தன்வரலாற்றுப் பகுதி 1681 நூலில் இல்லை. 1911-இல் கிளாஸ்கோவில் வெளியான பதிப்பில்தான் அது சேர்க்கப்பட்டது. அலமாரியில் வைக்க 1681, மேசையில் வைத்துப் படிக்க 1911 என்று இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு.

பயண வழிகாட்டிகளின் நிலை வேறு. லண்டனின் ஜான் மர்ரே நிறுவனம் இந்தியாவுக்கான தன் வழிகாட்டியை 1859-இல் சென்னை மாகாணத்துக்கு ஒரு பாகம், பம்பாய்க்கு ஒரு பாகம் என வெளியிட்டது. பின்னர் அது இந்தியா, பர்மா, இலங்கை மூன்றுக்குமான ஒற்றை நூலாகிப் பல பதிப்புகளாக நாட்டு விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. வழிகாட்டியின் புதிய பதிப்பு வந்ததும் பழையதைத் தூக்கி எறிவது பயணிகளின் வழக்கம். அதனால் நடுவிலுள்ள ஏதோ ஓர் ஆண்டின் பதிப்பு முதலாவதைவிட அரிதாகிவிடக்கூடும். எந்த ரயில் பாதை எந்தப் பதிப்பில் புதிதாக நுழைகிறது, எந்த ஊர் விடுதி எப்போது மறைகிறது என்பதெல்லாம் அடுத்தடுத்த பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வழிகாட்டிகளை ஒற்றையாக வாங்குவதைவிட வரிசையாகச் சேர்ப்பதே பொருளுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

தமிழ் முகப்புப் பக்கத்தின் காலத்தைக் கணித்தல்

பழைய தமிழ் நூல்களில் ஆங்கில ஆண்டு இல்லாமல் "விகாரி வருடம் ஆவணி மாதம்" என்று மட்டும் அச்சிட்டிருப்பதுண்டு. தமிழாண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. பிரபவ ஆண்டு 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. அதிலிருந்து எண்ணினால் விகாரி 1899, 1959, 2019 என்று வரும், பின்னோக்கினால் 1839. சக ஆண்டு தரப்பட்டிருந்தால் 78-ஐக் கூட்ட வேண்டும். கலி ஆண்டு தரப்பட்டிருந்தால் 3101-ஐக் கழிக்க வேண்டும். தமிழாண்டு சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி மாதங்களில் ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஆண்டு எண்ணே தமிழ் எண்களில் இருந்தால், ௧௮௮௯ என்பது 1889 என்று படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

விகாரி என்பது 1839-ஆ, 1899-ஆ என்று எப்படி முடிவு செய்வது? இங்கே சட்டம் துணைக்கு வருகிறது. 1867-ஆம் ஆண்டின் அச்சகம், நூல் பதிவுச் சட்டம், பிரிட்டிஷ் இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயர், அச்சிட்ட இடம், வெளியிட்டவர் பெயர் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அந்தப் பெயருடைய அச்சகம் எந்த ஆண்டுகளில் இயங்கியது என்பதை அதன் பிற வெளியீடுகளைக் கொண்டு அறியலாம்.

எழுத்து வடிவமும் சாட்சி சொல்லும். ணை, லை, ளை, னை ஆகியவற்றை மேலே துதிக்கை வளைந்த பழைய வடிவத்திலும், ணா, றா, னா ஆகியவற்றைக் கால் ஒட்டிய வடிவத்திலும் அச்சிட்டதே முன்னைய வழக்கம். பெரியார் தம் இதழில் 1935-இல் கைக்கொண்ட சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்று ஆணையிட்டது. முகப்பில் 1905 என்று இருந்து, உள்ளே எல்லாம் இன்றைய எழுத்தாக இருந்தால், அது பிற்காலத்தில் மீண்டும் எழுத்துக் கோத்தது, ஐயமே வேண்டாம்.

பழைய முகப்போடு வரும் புதிய புத்தகம்

பழைய நூலின் பக்கங்களைப் படம் பிடித்து அப்படியே மறுபடி அச்சிட்ட நூலை நேர்படி மறுபதிப்பு என்கிறோம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் சென்னை அரசு அச்சகத்தின் வழி ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய நூலுக்கு இப்படிப்பட்ட மறுபதிப்புகள் உண்டு. டெல்லியின் ஏசியன் எஜுகேஷனல் சர்வீசஸ் போன்ற நிறுவனங்கள் நேர்மையாகத் தம் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு வெளியிட்ட இவை ஆய்வாளர்களுக்குப் பெரும் உதவி. பிறகு யாரோ மறுபதிப்பு விவரம் உள்ள அந்த ஒரு தாளை மட்டும் கிழித்துவிட்டு, "1909 அசல்" என்று விற்கும்போதுதான் தொல்லை. இணையத்தில் ஒற்றைப் பிரதியாக அச்சடித்து அனுப்பும் நூல்களைப் பழைய ஆண்டைப் போட்டு விளம்பரப்படுத்துவதும் இன்று சாதாரணமாக நடக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, தாளின் பின்புறத்தை விரல் நுனியால் தடவிப் பார்ப்பது. ஈய எழுத்து தாளை அழுத்தி அச்சிட்டது. எனவே வரிகள் லேசாகப் புடைத்துத் தென்படும். ஈய எழுத்து இல்லாமல், படம் பிடித்த தகட்டிலிருந்து அச்சிடும் ஆஃப்செட் மறுபதிப்பில் தாள் வழவழப்பாக இருக்கும். இரண்டாவது, பத்து மடங்கு பெருக்கும் சிறு லென்ஸ். படத்தை அதன் வழியே பார்த்தால், ஒழுங்காக வரிசைகட்டிய புள்ளிகள் தெரிகின்றனவா, கோடுகள் கோடுகளாகவே ஓடுகின்றனவா என்பது விளங்கும். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட 18-ஆம் நூற்றாண்டுப் படத்தில் புள்ளி வலை இருக்க வழியில்லை. இருந்தால் அது பின்னாளைய நகல். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்போலச் சூழ்ந்து தெரிந்தால், நாலு வண்ண ஆஃப்செட் என்று முடிவு செய்துவிடலாம்.

முழுமையும் நிலையும்

பயண நூலின் மதிப்பில் பெரும்பகுதி அதன் படத்தாள்களிலும் மடிப்பு வரைபடங்களிலும் இருக்கிறது. முதலில் காணாமல் போவதும் அவைதான். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட இந்தியக் காட்சித் தொகுப்பில் 144 வண்ணப் படங்கள் உண்டு. சென்னை, தஞ்சாவூர், மதுரைக் காட்சிகளும் அவற்றுள் அடக்கம். தொகுப்பைப் பிரித்துப் படங்களைத் தனித்தனியாகச் சட்டமிட்டு விற்றால் லாபம் அதிகம் என்பதால் இப்படிப்பட்ட எத்தனையோ தொகுப்புகள் பிரிக்கப்பட்டன. படம் சுவரில் அழகாகத்தான் இருக்கும்; ஆனால் எந்தப் படம் எதை அடுத்து வந்தது, அதற்கு என்ன விளக்கம் இருந்தது என்பதெல்லாம் போய்விடுகிறது. முழு நூலைப் பிரித்து விற்பதை நான் எந்த நிலையிலும் ஏற்பதில்லை.

எனவே வாங்குமுன் தாள் சரிபார்ப்பு அவசியம். நூலின் தொடக்கத்திலுள்ள படப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமும் வரைபடமும் உரிய இடத்தில் உள்ளதா என்று பார்ப்பதுதான் அது. பட்டியல் இல்லாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ, நூலகம் நிறுவனத்தின் ஈழத்துத் தமிழ்த் தொகுப்பிலோ, இன்டர்நெட் ஆர்க்கைவிலோ உள்ள வருடிய பிரதியோடு பக்கம் பக்கமாக ஒப்பிடலாம். வழிகாட்டி நூல்களின் கடைசியில் வரும் விளம்பரப் பக்கங்களையும் எண்ண மறக்கக் கூடாது. விடுதிகளும் கப்பல் கம்பெனிகளும் கொடுத்த அந்த விளம்பரங்கள்தான் சில சமயம் நூலின் மிகச் சுவையான பகுதி.

தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இழப்பு மேலட்டையில் நேர்ந்தது. பல நூல்கள் மெல்லிய காகித அட்டையோடு வெளிவந்தன. நூலகங்கள் வாங்கியதும் அந்த அட்டையை அகற்றிவிட்டுக் காலிகோ துணி பைண்டு போட்டன, ஓரங்களையும் வெட்டின. பதிப்பாளரின் பிற நூல்களின் பட்டியலும் விலையும் அந்த அட்டையின் பின்புறத்தில்தான் இருந்தன. முதல் காகித அட்டையோடு கிடைக்கும் பிரதி, கெட்டி பைண்டு போட்ட அழகான பிரதியைவிட மேல் என்பது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

காகிதத்தின் போக்கும் எதிர்பார்ப்புக்கு மாறானது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காகிதம் பெரும்பாலும் துணிக்கந்தலிலிருந்து உருவானது; அது நெடுங்காலம் உழைக்கும். பிறகு மரக்கூழ்க் காகிதம் பெருகியது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளும், மை ஊறாமலிருக்கச் சேர்த்த படிகாரமும் நாளடைவில் அமிலமாகி, தாளை உள்ளிருந்தே அரிக்கின்றன. 1820-இல் அச்சான நூல் வளைந்து கொடுக்க, 1940-களின் போர்க்காலத் தட்டுப்பாட்டில் மலிவுத் தாளில் அச்சான நூல் விரல் பட்டதும் அப்பளமாய் நொறுங்குவது இதனால்தான்.

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்துச் சொன்னால்: எந்த அச்சு என்பதை முகப்பும் எழுத்தும் தாளும் காட்டும், முழுமையைத் தாள் சரிபார்ப்பு காட்டும். இரண்டிலும் தேறிய நூலுக்குத்தான் விலை பேச வேண்டும்.

உதிரித் தாள்கள்: எறியப்பட வேண்டியவை எஞ்சும்போது

அன்றைய தேவை முடிந்ததும் எறிந்துவிடுவதற்காகவே அச்சான சிறு தாள்களை உலகச் சேகரிப்பாளர்கள் எபிமெரா என்கிறார்கள். இங்கே உதிரித் தாள்கள் என்றே சொல்கிறேன். பயணச்சீட்டு, கால அட்டவணை, பெட்டியில் ஒட்டும் விடுதி வில்லை, கப்பலின் உணவுப் பட்டியல், படத் தபாலட்டை, துண்டறிக்கை, நாடக நோட்டீசு எல்லாம் இதில் சேரும்; மேலே பார்த்த கல்யாணப் பத்திரிகையும் இதில்தான் சேரும். ஆங்கிலேயச் சேகரிப்பாளர் மாரிஸ் ரிக்கார்ட்ஸ் இவற்றை அன்றாட வாழ்வின் நிலையற்ற சிறு ஆவணங்கள் என்று வரையறுத்தார். லண்டனில் 1975-இல் இதற்கென ஒரு சங்கமே தோன்றியது. தமிழ்நாட்டில் அதற்கு வெகு முன்பே கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அவரது சேகரிப்பை, அவர் 1992-இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் கடல் கடத்தாமல் சென்னையிலேயே அதை ஆய்வு நூலகமாக நிலைபெறச் செய்தது.

நூலுக்கும் உதிரித் தாளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, அவை தப்பிப் பிழைக்கும் விதம். நூலை வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வாங்குகிறோம். பயணச்சீட்டையோ பயணம் முடிந்ததும் நிலையத்தின் வாசலிலேயே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கில் அச்சாகியும் ஒன்றிரண்டே மிஞ்சுவது இதனால்தான். நூல் எழுதியவர் சொல்ல மறந்ததை, சொல்லத் தேவையில்லை என்று எண்ணியதை, அந்த ஒன்றிரண்டு தாள்கள் சொல்லும். இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் கட்டண வேறுபாடு எவ்வளவு, எந்த நிலையத்தில் சாப்பாட்டுக்கு வண்டி நின்றது, தனுஷ்கோடியில் எத்தனை மணிக்குக் கப்பல் ஏற வேண்டும் என்பவற்றுக்குக் கால அட்டவணையே நேரடிச் சான்று.

தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் சென்னையிலிருந்து கொழும்பு செல்வோரைப் போட் மெயில் ரயில் தூத்துக்குடிக்கு அழைத்துச் சென்றது, அங்கிருந்து கப்பல். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் குறுகிய கடல் பயணமும் அங்கிருந்து மீண்டும் ரயிலுமாகப் பாதை மாறியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆகவே ரயிலும் கப்பலும் தனுஷ்கோடியில் இணையும் கால அட்டவணையில் ஆண்டே அச்சாகாவிட்டாலும், 1914-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது என்று உடனே சொல்லிவிடலாம். இந்த இடைவெளியை மேலும் சுருக்கத் தாளிலேயே குறிப்புகள் கிடைக்கும். சவுத் இந்தியன் ரயில்வே என்ற பெயர் இருந்தால், அது 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேயாக இணைவதற்கு முந்தியது. கட்டணம் அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. "நயா பைசா" என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. பிற தாள்களுக்கும் இப்படிப்பட்ட குறிப்புகள் உண்டு. விளம்பரம் கொடுத்த கடையின் முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால், 1972 ஆகஸ்டுக்குப் பிந்திய தாள். சிலோன் என்ற பெயர் 1972 மே மாதத்தோடு ஸ்ரீலங்கா ஆயிற்று.

கடல் பாதைக்கும் இதே முறைதான். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், சென்னை, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970-களின் தொடக்கம் வரை தமிழர்களை ஏற்றிச் சென்றது. தனி அறை இல்லாமல் கப்பல் தளத்திலேயே தங்கும் தளப் பயணிகளாகச் சென்ற பல்லாயிரம் பேரில் தன்வரலாறு எழுதியவர் மிகச் சிலர். அவர்களின் பயணத்துக்கு எஞ்சியிருக்கும் எழுத்துச் சான்று சீட்டும் அம்மை குத்திய சான்றிதழும் பெட்டி வில்லையும்தான். வில்லையைப் பெட்டியிலிருந்து உரிக்காமல் பெட்டியோடு வைத்திருப்பவர்களைக் கண்டால், தயவுசெய்து உரிக்கச் சொல்லாதீர்கள்.

படத் தபாலட்டைகள் புதியவர்களுக்கு மிக ஏற்றவை. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸும் வீல் அண்ட் கிளைன் ஒளிப்பட நிலையமும், கொழும்பில் பிளாட்டே நிறுவனமும் வெளியிட்டவை இன்றும் சந்தையில் கிடைக்கின்றன. அட்டையைத் திருப்பிப் பின்புறத்தை முதலில் பாருங்கள். தொடக்க கால அட்டைகளில் பின்புறம் முழுவதும் முகவரிக்கே. செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் எழுத வேண்டும். நடுவே கோடு போட்டு, ஒரு பாதியைச் செய்திக்கு ஒதுக்க பிரிட்டன் 1902-இலும், பிற நாடுகள் அடுத்த சில ஆண்டுகளிலும், அமெரிக்கா 1907-இலும் அனுமதித்தன. தபால்தலையில் ஏழாம் எட்வர்டா, ஐந்தாம் ஜார்ஜா என்பது காலத்தை இன்னும் நெருக்கிச் சொல்லும். ஆனால் தபால் முத்திரை காட்டுவது அனுப்பிய நாளை மட்டுமே. படம் பிடித்தது அதற்குப் பல ஆண்டுகள் முன்பாகவும் இருக்கலாம்.

விலை எங்கிருந்து வருகிறது

அரிதாக இருப்பது மட்டும் விலை ஆகாது. உலகில் ஒரே பிரதி எஞ்சியுள்ள ஊர்ச் சங்கத்தின் ஆண்டறிக்கையைத் தேடுவோர் இல்லையென்றால், அதற்கு விலையும் இல்லை. தேடுவோர் பலர், கிடைப்பவை சில என்ற இரண்டும் சேர்ந்தால்தான் விலை ஏறும். சில சமயம் அழிவே அந்த நிலையை உண்டாக்குகிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 90,000-க்கும் மேற்பட்ட நூல்களோடு எரிக்கப்பட்டது. அதன்பின் தனியார் வீடுகளில் எஞ்சிய யாழ்ப்பாண அச்சு நூல்கள் ஒவ்வொன்றும் ஈழத்தமிழர் வரலாற்றுக்கு இன்றியமையாதவை ஆகிவிட்டன. சென்னையில் பழைய புத்தகங்களின் தாயகமாக இருந்த மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையானபோது அங்கே என்னென்ன அழிந்தன என்பதற்குப் பட்டியலே இல்லை.

இணையத்தில் ஒருவர் ஐம்பதாயிரம் என்று குறித்திருப்பது அவர் கேட்கும் விலை; யாரேனும் கொடுத்த விலை அன்று. ஏலங்களில் உண்மையில் விற்று முடிந்த தொகையைப் பார்த்தே மதிப்பிட வேண்டும். அதிலும் பதிப்பு, முழுமை, நிலை மூன்றும் ஒத்த பிரதியோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நூலக முத்திரை உள்ள நூலில், கழிக்கப்பட்டது என்ற முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். களவு போன நூலை வாங்குவது நூலகத்தை வெறுமையாக்க உதவுவதாகும்.

சட்டமும் ஒன்று உண்டு. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி, அறிவியல், வரலாறு, இலக்கியம் அல்லது கலை மதிப்புடைய சுவடிகளும் ஆவணங்களும் 75 ஆண்டுகளைக் கடந்திருந்தால் தொல்பொருளாகக் கருதப்படும். அவற்றைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்புவது தடை செய்யப்பட்டுள்ளது. கையெழுத்துச் சுவடி, பழைய கடிதம், பதிவேடு போன்றவற்றை வெளிநாட்டு உறவினருக்கு அஞ்சலில் அனுப்ப எண்ணினால், அதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையைக் கேட்பது முறை.

வீட்டில் வைத்திருப்பது

நம் தட்பவெப்பத்தில் பெரும் பகை ஈரமும் பூச்சியும். இராமபாணமும் கரையானும் இருட்டையும் புழுக்கத்தையும் விரும்பும். எனவே சுவரை ஒட்டாத, காற்றோட்டமுள்ள அலமாரி வேண்டும். வெயில் நேரடியாகப் படக் கூடாது. மாதம் ஒருமுறை நூல்களை வெளியே எடுத்துத் துடைப்பதைவிடச் சிறந்த பூச்சி மருந்து இல்லை. கிழிந்த தாளைச் செல்லோடேப்பால் ஒட்டுவதும், உதிரித் தாள்களை லேமினேட் செய்வதும் மீளாக் கேடு. டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷனின் சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. ஒட்டியே ஆக வேண்டுமென்றால், மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையுமே பழுதுபார்ப்போர் கையாள்பவை. தேவைப்பட்டால் அதை நனைத்து எடுத்துவிடலாம். உதிரித் தாள்களை அமிலமற்ற தாள் உறைகளில், மடிக்காமல், ஒன்றன்மேல் ஒன்று அழுத்தாமல் படுக்கவைக்க வேண்டும்.

ஒவ்வொன்றும் எங்கிருந்து, எந்த ஆண்டு, யார் குடும்பத்திலிருந்து வந்தது என்பதைத் தனி ஏட்டில் எழுதிவையுங்கள். தாளிலேயே குறிக்க நேர்ந்தால், மென்மையான பென்சிலால் பின்புறத்து ஓரத்தில் எண் மட்டும் போதும். ரஜூலாவின் பயணச்சீட்டு ஒன்று தனியாகக் கிடைத்தால் அது வெறும் கப்பல் சீட்டு. காரைக்குடியிலிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போன இன்னாருடையது என்ற ஒரு வரி அதனுடன் இருந்தால், அவர் வீட்டுக் கடிதங்களையும் தபாலட்டைகளையும் அதனோடு சேர்த்து வாசிக்க வழி கிடைத்துவிடுகிறது.